முதல் அழைப்புக்கு முன்னும் பின்னும்: வீட்டுக்குள் வன்முறையைச் சந்திக்கும் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

உதவி எண்ணில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு ஒரு வகை அழைப்பு நன்றாகப் பழக்கம். மணி அடிக்கும், எடுப்போம், எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்கும். பின்னால் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம். பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டுப் பேச வந்திருக்கிறார் என்று புரிந்துவிடும். "பரவாயில்லைம்மா, மெதுவா சொல்லுங்க" என்போம். லைன் கட்டாகிவிடும். அரைமணி கழித்தோ மூன்று நாள் கழித்தோ மறுபடி மணி அடிக்கும். அப்போது வாய் திறப்பவர்களில் பலர் சொல்லும் முதல் வாக்கியம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: "எனக்கு ஒண்ணும் பெருசா இல்லங்க. சும்மா கேட்டுக்கலாம்னுதான்."

அந்தச் 'சும்மா கேட்டுக்கலாம்' என்ற இடத்தில் நிற்பவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். வீட்டை விட்டு வெளியேறுவதாகத் தீர்மானித்த பிறகுதான் இந்தச் சேவைகளை அணுகலாம் என்று நிறையப் பெண்கள் நினைக்கிறார்கள். புகார் கொடுக்கத் துணிந்திருக்க வேண்டும், கையில் ஆதாரம் இருக்க வேண்டும், உடம்பில் காயம் இருக்க வேண்டும் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். இவை எதுவுமே தேவையில்லை. எந்த முடிவும் எடுக்காமல், பெயரைக்கூடச் சொல்லாமல் கேட்கலாம். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். அதற்காக யாரும் உங்கள் மேல் வருத்தப்பட மாட்டார்கள்.

இது உங்களுக்கு மட்டும் நடப்பதும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாழ்நாளில் ஒருமுறையேனும் துணைவரின் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ, அல்லது பிறரின் பாலியல் வன்முறைக்கோ ஆளான பெண்கள் உலகில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்.

அடித்தால்தான் வன்முறையா?

இந்தக் கேள்வியைத் தாண்டாமல் யாராலும் அடுத்த படிக்குப் போக முடிவதில்லை. அதனால் இதில் கொஞ்சம் நிற்போம்.

1984இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள டுலூத் நகரில், வன்முறையை அனுபவித்த பெண்களைக் குழுக்குழுவாக உட்காரவைத்து, வீட்டில் என்னதான் நடக்கிறது என்று கேட்டுத் தொகுக்கத் தொடங்கினார்கள். 200க்கும் மேற்பட்ட பெண்கள் சொன்னதிலிருந்து ஒரு சக்கரம் வரைந்தார்கள். 'அதிகாரமும் கட்டுப்பாடும்' என்பது அதன் பெயர். இன்றும் பல நாடுகளில் ஆலோசகர்களின் மேசையில் அது இருக்கும். சக்கரத்தின் வெளிவளையம்தான் அடியும் பாலியல் வன்முறையும். உள்ளே இருக்கும் எட்டு ஆரங்களும் வேறு: மிரட்டிப் பணியவைப்பது, பார்வையாலும் பொருட்களை உடைத்தும் பயமுறுத்துவது, மட்டம் தட்டுவது, சொந்தபந்தத்திடமிருந்து பிரிப்பது, "நான் எங்க அடிச்சேன், நீதான் என்னைக் கோபப்படுத்துனே" என்று பழியைத் திருப்புவது, பிள்ளைகளைப் பகடைக்காயாக்குவது, ஆண் என்ற அதிகாரத்தைக் காட்டுவது, பணத்தைப் பிடித்துவைப்பது.

வருடத்துக்கு ஒரே ஒரு முறை கை ஓங்குகிறவர் வீட்டில்கூட அந்த எட்டும் தினசரி ஓடிக்கொண்டிருக்கலாம். ஒரு பெண் என்னிடம் சொன்னது இது: "அவர் சாவியை டேபிள்ல எப்படி வைக்கிறார்ங்கிற சத்தத்துலயே அன்னைக்கு ராத்திரி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரிஞ்சிடும்." அந்தப் பெண் மேல் கை பட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படித் தொடர்ந்து ஒருவரைக் கட்டுப்படுத்தி அச்சத்தில் வைத்திருப்பதே தண்டனைக்குரிய குற்றம் என்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்ள ஒரே ஒரு கேள்வி போதும். ஒரு விஷயத்தைச் செய்வதற்கு முன், 'இது சரியா' என்று யோசிக்கிறீர்களா, 'இதற்கு அவர் என்ன செய்வாரோ' என்று யோசிக்கிறீர்களா? எப்போதும் இரண்டாவதுதான் என்றால், நீங்கள் கூப்பிட வேண்டிய எண் ஒன்று இருக்கிறது.

முதல் படி: போனைப் பாருங்கள்

எடுத்த எடுப்பில் உதவி எண்ணை அழுத்திவிடாதீர்கள். அந்த போன் உண்மையில் உங்களுடையதுதானா என்று முதலில் பாருங்கள். பாஸ்வேர்டு அவருக்குத் தெரியுமா? இருவரின் போனும் ஒரே கணக்கில் இணைந்திருக்கிறதா? அப்படியென்றால் நீங்கள் எடுக்கும் படங்களும் தேடும் சொற்களும் இன்னொரு திரையிலும் தெரியக்கூடும். 'லொகேஷன் ஷேரிங்' ஓடிக்கொண்டிருக்கிறதா? வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' என்ற இடத்தில் நீங்கள் இணைக்காத கணினி ஏதாவது தெரிகிறதா? மாதக் கடைசியில் கால் விவரத்தோடு பில் யார் கைக்குப் போகிறது?

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. உளவு செயலி இருப்பதாகத் தெரிந்ததும் பதறிப்போய் அழித்துவிடுகிறார்கள். அழித்த நிமிடமே அந்தப் பக்கம் தெரிந்துவிடும். 'இவள் எதற்கோ தயாராகிறாள்' என்ற செய்தியாக அது போய்ச் சேரும். போனை அப்படியே விட்டுவிடுங்கள். வழக்கம்போல அதில் பேசுங்கள், சமையல் வீடியோ பாருங்கள். உதவி தேடுவதை மட்டும் வேறு கருவிக்கு மாற்றுங்கள். அலுவலகத் தோழியின் போன், நூலகக் கணினி, டாக்டரின் கிளினிக்கில் இருக்கும் தொலைபேசி என்று எதுவானாலும் சரி. மின்னஞ்சல் வேண்டுமென்றால், உங்கள் பெயரோ பிறந்த தேதியோ இல்லாமல் புதிதாக ஒன்று தொடங்குங்கள். அதை வீட்டுப் போனில் ஒருமுறைகூடத் திறக்காதீர்கள்.

இரண்டாம் படி: கூப்பிடுவது

தமிழ் பேசுபவர்கள் வாழும் சில நாடுகளின் எண்களை மட்டும் தருகிறேன். இந்தியாவில் 181. இலங்கையில் 1938. மலேசியாவில் 15999. சிங்கப்பூரில் 1800 777 0000. பிரிட்டனில் 0808 2000 247. ஆஸ்திரேலியாவில் 1800 737 732. அமெரிக்காவில் 1 800 799 7233. உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் இவற்றை விட்டுவிட்டு நேரே போலீஸ் அவசர எண்ணுக்குப் போங்கள். பிரிட்டனில் மொபைலிலிருந்து 999 அழைத்து வாய்திறந்து பேச முடியாவிட்டால், கேட்கும்போது 55 அழுத்தினால் போலீசுக்கு இணைப்பார்கள்.

அயல்நாட்டில் மொழி தடையாக இருந்தால், 'தமிழ்', 'மொழிபெயர்ப்பாளர்' என்ற இரண்டு சொற்களை அந்த ஊர் மொழியில் எப்படிச் சொல்வது என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற நாடுகளின் தேசிய உதவி எண்களில் தொலைபேசி வழியாகவே மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். கணவரின் உறவினரையோ உங்கள் பிள்ளையையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பத்து வயதுக் குழந்தை தன் அம்மாவுக்கு நடந்ததைத் தன் வாயால் இன்னொருவரிடம் சொல்ல நேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அது நடந்திருக்கவே கூடாது.

எடுத்ததும் என்ன பேசுவது என்று தெரியவில்லையா? இப்படித் தொடங்குங்கள்: "என்னால இப்போ அஞ்சு நிமிஷம்தான் பேச முடியும். யாராவது வந்தா நான் 'ராங் நம்பர்'னு சொல்லி வச்சிடுவேன். நீங்க திருப்பிக் கூப்பிட வேண்டாம்." எங்களுக்கு இதைவிட உதவியான தொடக்கம் இல்லை. அந்தப் பக்கம் இருப்பவர் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "இப்போ நீங்க பத்திரமா இருக்கீங்களா?" என்பதாக இருக்கும்.

பிறகு சில கேள்விகள் வரும். கடந்த ஓராண்டில் அடி அதிகமாகியிருக்கிறதா? வீட்டில் ஆயுதம் இருக்கிறதா? கொன்றுவிடுவேன் என்றோ, தற்கொலை செய்துகொள்வேன் என்றோ மிரட்டினாரா? கர்ப்பமாக இருந்தபோது அடித்தாரா? கழுத்தை நெரித்தாரா? 'இதையெல்லாம் எதுக்குக் கேக்கறாங்க' என்று தோன்றும். ஜாக்குலின் கேம்ப்பெல் என்ற அமெரிக்கச் செவிலியர் 1980களில் உருவாக்கிய அபாய மதிப்பீட்டு முறையின் வழியில் வருபவை இந்தக் கேள்விகள். அவர் முறையில் ஒரு காலண்டரைக் கையில் கொடுத்து, கடந்த ஆண்டில் அடி விழுந்த நாட்களைக் குறிக்கச் சொல்வார்கள். "எப்பவாவதுதாங்க" என்று சொன்னவர், பேனாவை வைத்த பிறகு அந்தக் காலண்டரையே பார்த்துக்கொண்டிருப்பார். தன் வீட்டைப் பற்றி அவர் வைத்திருந்த கணக்கு அந்த இடத்தில் மாறிவிடும்.

கழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். துணைவர் ஒருமுறையேனும் கழுத்தை நெரித்திருந்தால், பின்னால் அவர் கையால் அந்தப் பெண் கொல்லப்படும் வாய்ப்பு 7 மடங்குக்கும் மேல் கூடுகிறது என்று 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. வெளியே ஒரு தடயம்கூட இல்லாமல் உள்ளே ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம். குரல் கம்மியிருந்தாலும், விழுங்கக் கஷ்டமாக இருந்தாலும், கண்ணில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலும், ஒரு நிமிடம் நினைவு தப்பியிருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பக்கவாதம் சில நாட்கள் கழித்தும் வரக்கூடும். "கழுத்தைப் பிடிச்சார், அவ்வளவுதான்" என்று சொல்லி இதைக் கடந்துவிடாதீர்கள்.

ரகசியம் காப்பார்களா என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. காப்பார்கள். ஆனால் குழந்தைக்கு ஆபத்து என்றாலோ, உயிருக்கு உடனடி ஆபத்து என்றாலோ பல நாடுகளில் அதிகாரிகளுக்குச் சொல்லியாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதனால் பேச்சின் தொடக்கத்திலேயே "நான் சொல்றதுல எதை நீங்க வெளியே சொல்லியாகணும்?" என்று கேட்டுவிடுங்கள். நல்ல ஆலோசகர் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்வார்.

வேறென்ன சேவைகள் இருக்கின்றன

உதவி எண் ஒரு வாசல்தான். உள்ளே ஆலோசகர், இலவச சட்ட உதவி தரும் வக்கீல், மருத்துவப் பரிசோதனை, தங்குவதற்குக் காப்பகம், பெண்கள் கூடிப் பேசும் ஆதரவுக் குழு, பிள்ளைகளுக்கான ஆலோசனை, வேலைக்கும் பயிற்சிக்கும் வழிகாட்டல் எல்லாம் இருக்கும். சில இடங்களில் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். சில இடங்களில் ஒவ்வொன்றுக்கும் அலைய வேண்டிவரும். அலைய வேண்டியிருந்தால், கூடவே வர ஒருவரைத் தரச் சொல்லிக் கேளுங்கள். பல அமைப்புகளில் இதற்கென்றே தன்னார்வலர்கள் உண்டு. போலீஸ் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பதே பெரிய தெம்பு.

போனே கையில் இல்லாதவர்களுக்காகவும் வழிகள் வந்திருக்கின்றன. 2020இல் ஊரடங்கு வந்து, அடிப்பவரோடு ஒரே வீட்டில் பெண்கள் அடைபட்டபோது, ஸ்பெயினின் கேனரி தீவுகளில் மருந்துக்கடையில் போய் 'மஸ்கரீயா 19', அதாவது 'முகக்கவசம் 19' என்று கேட்டால் கடைக்காரர் போலீசுக்குச் சொல்லும் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். பிரிட்டனின் மருந்துக்கடைகளில் 2021 ஜனவரியில் 'ஆனி' என்ற சங்கேதப் பெயர் வந்தது. கனடியப் பெண்கள் அறக்கட்டளை 2020இல் ஒரு கைச்சைகையைப் பரப்பியது. உள்ளங்கையை எதிரே இருப்பவரிடம் காட்டி, கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற நான்கு விரல்களையும் அதன் மேல் மூட வேண்டும். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கென்டக்கியில் ஓடும் காருக்குள்ளிருந்து ஒரு பதின்வயதுப் பெண் அந்தச் சைகையைக் காட்ட, பின்னால் வந்த காரில் இருந்தவர் அடையாளம் கண்டு போலீசைக் கூப்பிட்டு அவளை மீட்டார்கள். இந்தச் சைகையை நீங்கள் காட்டவே வேண்டியிராது போகட்டும். ஆனால் யாராவது காட்டினால் புரிய வேண்டும் அல்லவா?

மூன்றாம் படி: பாதுகாப்புத் திட்டம்

போவதானாலும் இருப்பதானாலும் இது வேண்டும். ஆலோசகரோடு உட்கார்ந்து போடுவது நல்லது. முடியாவிட்டால் தனியாகவும் போடலாம். எழுதிவைக்க வேண்டாம், மனதிலேயே இருக்கட்டும்.

சண்டை முற்றும்போது எந்த அறையில் நிற்பீர்கள்? சமையலறை வேண்டாம், கத்தியும் நெருப்பும் இருக்கும். பாத்ரூம் வேண்டாம், வெளியேற வழி கிடையாது. வாசலுக்குப் பக்கத்தில் இருக்கப் பாருங்கள். வெளிக்கதவின் தாழ்ப்பாள் இருட்டில் எந்தப் பக்கம் நகரும் என்று பகலில் இரண்டு மூன்று தரம் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். நம்பிக்கையான பக்கத்துவீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், சத்தம் கேட்டால் போலீசைக் கூப்பிடும்படி. நெருங்கிய ஒருவரோடு ஒரு சங்கேத வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள். "அந்த நீலப்புடவையை எப்ப திருப்பித் தருவே?" என்று ஒரு பெண் தன் தங்கைக்கு மெசேஜ் அனுப்புவார். அப்படி ஒரு புடவையே இருவரிடமும் இல்லை. அந்த மெசேஜ் வந்தால் தங்கை ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வாசலில் வந்து நிற்க வேண்டும். அதுதான் அவர்கள் பேசிவைத்த ஏற்பாடு.

பிள்ளைகளுக்கு மூன்று விஷயம் சொல்லுங்கள். நடுவில் வந்து தடுக்கக் கூடாது. எந்த வீட்டுக்கு ஓட வேண்டும். அவசர எண் என்ன, வீட்டு விலாசம் என்ன. இதைத் தாண்டி உங்கள் திட்டத்தில் எதையும் சொல்லாதீர்கள். பிள்ளைகளால் ரகசியத்தைச் சுமக்க முடியாது. அதை அவர்கள் மேல் ஏற்றவும் கூடாது.

பிறகு பை. பிறப்புச் சான்றிதழ்கள், பாஸ்போர்ட், அடையாள அட்டை, விசா ஆவணங்கள், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, டாக்டர் சீட்டுகளும் ஒரு வாரத்துக்கான மருந்தும், கொஞ்சம் ரொக்கம், மாற்றுச் சாவி, இரண்டு ஜோடி துணி. சின்னக் குழந்தை இருந்தால் அது கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மையோ துணியோ கட்டாயம் எடுத்துவையுங்கள், முதல் இரவில் அது இல்லாமல் குழந்தை தூங்காது. அசல் ஆவணங்களை நகர்த்தினால் சந்தேகம் வரும் என்றால், படம் எடுத்து அந்தப் புதிய மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், வேறொருவர் போனிலிருந்து. பையை வீட்டில் வைக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. வேலை செய்யும் இடம், தோழியின் அலமாரி என்று வெளியே இருப்பதே நல்லது. தலையணை உறைக்குள் ஒவ்வொரு துணியாகச் சேர்த்துக்கொண்டே போய், துவைக்கப் போடுவதுபோல ஒருநாள் வெளியே எடுத்துப் போனவரும் உண்டு.

பணத்தில் அவசரம் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். வேறு வங்கியில் உங்கள் பெயரில் தனிக் கணக்கு தொடங்கி, கடிதங்கள் வீட்டுக்கு வராதபடி செய்துகொள்ளுங்கள்.

இதையும் சொல்லியாக வேண்டும்: பிரியும் நேரமும் பிரிந்த பிறகான மாதங்களும்தான் மிக ஆபத்தானவை. பிடி நழுவுகிறது என்று தெரியும்போதுதான் வன்முறை உச்சத்துக்குப் போகிறது. அதனால் "நான் போறேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள். அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் கிளம்புங்கள். கடைசியாக ஒருமுறை பேசித் தீர்த்துக்கொள்வோம் என்று தனியிடத்துக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள்.

ஆஸ்பத்திரி

பாலியல் வன்முறை நடந்திருந்தால் நேரம் முக்கியம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கர்ப்பத்தைத் தடுக்கும் அவசர மாத்திரையை 120 மணி நேரம் வரை எடுக்கலாம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். முடிந்தால் குளிக்காமல் போங்கள். போட்டிருந்த துணியைப் பிளாஸ்டிக் பையில் வைக்காமல் காகிதப் பையில் எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். குளித்துவிட்டீர்கள் என்றாலும் பரவாயில்லை, போங்கள். புகார் கொடுக்க விருப்பமில்லாவிட்டாலும் சிகிச்சை பெற உங்களுக்கு உரிமை உண்டு.

சாதாரணக் காயம் என்றாலும் டாக்டரிடம் "கீழே விழுந்துட்டேன்" என்று சொல்வதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். தனியாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, உண்மையைச் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு வருடம் கழித்து வக்கீல் கேட்கும்போது அந்தச் சீட்டு பேசும்.

காப்பகம் எப்படி இருக்கும்?

1971இல் லண்டனின் சிஸ்விக் பகுதியில் எரின் பிஸ்ஸி என்பவர் தொடங்கிய இல்லம்தான் இந்த வகைக் காப்பகங்களில் மிகப் பழமையானவற்றுள் ஒன்று. இன்று பல நாடுகளில் இருக்கின்றன. ஆனால் 'ஹோம்' என்ற சொல்லைக் கேட்டாலே ஜெயில்போல நினைத்து அஞ்சுபவர்கள் அதிகம். சில இடங்களில் கட்டுப்பாடு உண்மையிலேயே கூடுதல்தான். இடத்தின் விலாசம் ரகசியம் என்பதால் போனில் லொகேஷனை அணைக்கச் சொல்வார்கள், பார்க்க ஆட்களை விட மாட்டார்கள், வெளியே போவதற்கு நேரம் வைப்பார்கள். அதனால் போகும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எத்தனை நாள் தங்கலாம்? வேலைக்குப் போய்வரலாமா? எத்தனை வயது வரை மகனைக் கூட வைத்துக்கொள்ளலாம்? பல காப்பகங்களில் வளர்ந்த பையன்களுக்கு இடமில்லை, வாசலில் போய் நின்றபின் அது தெரிந்தால் மனம் உடைந்துவிடும். பிள்ளைகளின் பள்ளிக்கு என்ன ஏற்பாடு? மாற்றுத்திறனாளிக்கு வசதி உண்டா? இடம் இல்லை என்று சொன்னால் வேறு எங்கே இருக்கிறது என்று அவர்களையே விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

முதல் இரவு எல்லோருக்கும் கடினம். செருப்பைக் கழற்றாமல், மடியில் பையோடு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் நினைவுக்கு வருகிறார். மூன்று முறை எழுந்து கதவைப் பார்த்துவிட்டு வந்தார். அதே அறையில் ஏற்கெனவே இருந்த பெண் எதையும் விசாரிக்கவில்லை. எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்து மூடிக் காட்டி, "இங்க தாழ்ப்பா நம்ம பக்கம் இருக்கு, பாத்தீங்களா அக்கா?" என்றார். அதற்குப் பிறகுதான் அவர் செருப்பைக் கழற்றினார்.

சட்டத்தின் பக்கம்

இந்தியாவிலும் இலங்கையிலும் 2005இல் குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டங்கள் வந்தன. மலேசியாவில் 1994இலேயே வந்துவிட்டது. இவற்றின் மையம் பாதுகாப்பு உத்தரவு: இவரை நெருங்கக் கூடாது, தொடர்புகொள்ளக் கூடாது என்று கோர்ட் எழுத்தில் சொல்வது. அவரை ஜெயிலுக்கு அனுப்பாமலேயே இதைப் பெறலாம் என்பது பலருக்குத் தெரியாது. உத்தரவு கிடைத்தால் அதன் நகலைக் கையில், அலுவலகத்தில், பிள்ளையின் பள்ளியில் என்று மூன்று இடத்தில் வையுங்கள். அவர் அதை மீறும் ஒவ்வொரு முறையும் தேதியோடு குறித்துச் சொல்லுங்கள். மிரட்டல் மெசேஜ்களை அழிக்க வேண்டாம். கோபத்தில் திருப்பித் திட்டிப் பதில் அனுப்பவும் வேண்டாம். நாளை அந்தப் பதிலைத்தான் கோர்ட்டில் வாசிப்பார்கள்.

கணவரின் விசாவைச் சார்ந்து வெளிநாட்டில் இருப்பவர்களை "உன்னை நாடு கடத்திடுவேன்" என்று மிரட்டுவது வழக்கம். பல நாடுகளில் வன்முறைக்கு ஆளான துணைவிக்குத் தனியாக விசா வழி இருக்கிறது. அவர் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள், குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலைக் கேளுங்கள்.

கூட நிற்பவர்களுக்கு

தோழியோ தங்கையோ உங்களிடம் வந்து சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் 2014இல் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தந்த கையேட்டில் ஐந்து வேலைகளைச் சொல்கிறது: காதுகொடுத்துக் கேள், என்ன தேவை என்று விசாரி, நம்புகிறேன் என்று உணர்த்து, பாதுகாப்பைக் கூட்டு, உதவியோடு இணைத்துவிடு. "ஏன் இவ்வளவு நாள் சொல்லலை?" என்ற கேள்வி அதில் இல்லை. அன்பில்தான் அதைக் கேட்கிறோம், ஆனால் அவள் காதில் அது குற்றச்சாட்டாக விழுகிறது. அவளை அடிப்பவரைப் போய் நீங்கள் மிரட்டுவதும் வேண்டாம். நீங்கள் திரும்பி வந்த பிறகு அந்த வீட்டில் இருக்கப்போவது அவள்தான். "நான் நம்புறேன். உன் மேல தப்பில்ல. உனக்கு இப்போ என்ன வேணும்?" இது போதும். அவள் சொல்வதைச் செய்யுங்கள், நீங்கள் சரியென்று நினைப்பதை அல்ல.

திரும்பிப் போனவர்களுக்கு

வெளியே வந்து, மனம் கேட்காமலோ, பிள்ளை அழுததாலோ, பணம் தீர்ந்ததாலோ, அவர் மன்னிப்புக் கேட்டதாலோ திரும்பிப் போனவர்கள் நிறைய. ஒரேயடியாக வெளியேறியவர்களைவிட, இரண்டு மூன்று முறை போய்வந்து கடைசியில் வெளியேறியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். திரும்பிப் போனவர்களில் பலர் மறுபடி எங்களைக் கூப்பிடத் தயங்குகிறார்கள். 'அன்னைக்கு அவ்வளவு பேசிட்டு, இப்ப எந்த முகத்தோட' என்கிறார்கள். அந்தத் தயக்கத்தில் போகும் நாட்கள்தான் எங்களுக்குக் கவலை.

போன முறை போட்ட திட்டம் வீணாகவில்லை. சங்கேத வாக்கியம் அப்படியேதான் இருக்கிறது, புதிய மின்னஞ்சலில் ஆவணங்களின் படங்கள் இருக்கின்றன, தோழியின் அலமாரியில் பை இருக்கிறது. எண்ணை அழுத்தி, "முன்னாடி ஒருதரம் பேசியிருக்கேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அந்தப் பக்கம் இருப்பவர் முதலில் கேட்கப்போவது அன்று கேட்ட அதே கேள்வியைத்தான்: "இப்போ நீங்க பத்திரமா இருக்கீங்களா?"